டிஸ்பெர்சின் பி சோதனையில் எங்கே சறுக்குகிறது?

கதீட்டரில் படியும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற தோல் பாக்டீரியாவின் பயோஃபிலிமை, அதாவது பசையோடு ஒட்டிய கிருமிப் படலத்தை, பல திரிபுகளில் ஒட்டிப் பிடிப்பது பி.என்.ஏ.ஜி என்ற சர்க்கரைச் சங்கிலி. ஈறு நோய்க் கிருமியான அக்ரிகேட்டிபாக்டர் சுரக்கும் டிஸ்பெர்சின் பி என்ற நொதி அந்தச் சங்கிலியை வெட்டும்.

அது படலத்தை உரிக்கிறதா என்று சோதிக்க 96 குழித் தட்டு போதும். குழிக்கு 200 மைக்ரோலிட்டர் வளர்ப்பு, 37 டிகிரி, 24 மணி நேரம். மிதப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு, பி.எச் 6 பாஸ்பேட் பஃபரில் நொதி விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு மிஞ்சிய படலத்தில் ஒட்டும் சாயமான கிரிஸ்டல் வயலட் 0.1%, 15 நிமிடம். கழுவி, 33% அசிட்டிக் அமிலத்தில் சாயத்தைக் கரைத்து 595 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது கழுவும்போதுதான். பிப்பெட்டைக் குழியின் அடியில் குத்திப் பீய்ச்சினால் படலம் தோல் மாதிரி உரிந்து வரும், பெயர் நொதிக்குப் போகும்! படலம் உரிந்தது நொதியாலா, கழுவியதாலா என்று பிரித்தறிய, 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிச் செயலிழக்கவைத்த நொதியையும் ஒரு வரிசையில் கட்டாயம் போடுங்கள்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் அசையவே இல்லையா? பல திரிபுகளில் பசை புரதம்; அங்கே சப்டிலிசின் போன்ற, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸைப் பாருங்கள்.

இன்னொன்று: டிஸ்பெர்சின் கிருமியைக் கொல்லாது. பிரிந்த செல்கள் உயிரோடுதான் மிதக்கும். ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்தே கொடுத்துப் பாருங்கள்.