பாவில் விட்டுப்போன ஓர் இழை

இரவு ஒன்பது மணிக்கு நகரியில் எங்கள் தெருத் தறிகள் ஓயும். வீட்டில் நான்கு விசைத்தறிகள். பகலெல்லாம் அந்தச் சத்தத்தில் நின்றவனுக்கு, தாலாட்டுவதைப் போன்ற இசையைப் போட்டால் எரிச்சல்தான் வருகிறது. விரல் ஓடவேண்டும். அப்படித் தேடியபோது அகப்பட்டவர் ஜப்பானிய கிதார் கலைஞர் கஸுமி வதனாபே.

1953இல் டோக்கியோவில் பிறந்தவர். முதல் ஆல்பம் ‘இன்ஃபினிட்’ 1971இல் வெளிவந்தபோது வயது 17. அந்த வயதில் நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன், அதிலும் பாதி சிக்கல். இருந்தாலும் சொல்கிறேன், அதை நான் திரும்பக் கேட்பதில்லை. கெட்டிக்காரப் பையன் என்று தெரிகிறது, அவ்வளவுதான். 1977இல் வந்த ‘ஆலிவ்ஸ் ஸ்டெப்’தான் எனக்கு வாசல். 1980இல் நியூயார்க்கில் பதிவான ‘தோ சி கா’வை, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனின் கலைஞர் மைக் மைனியேரி தயாரித்தார். அதிலுள்ள ‘யூனிகார்ன்’ ஓடியபோது அப்பா கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, “பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லையா?” என்று கேட்டார்.

இந்த இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவில் 1979இல் ‘கைலின்’. கீபோர்டில் ரியூய்ச்சி சகமோட்டோ. அதே ஆண்டு சகமோட்டோவின் இசைக்குழுவான எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா லண்டன், நியூயார்க் என்று சுற்றியபோது வதனாபேயும் கிதாருடன் கூடப் போனார். ஆனால் அந்தக் கச்சேரிகளிலிருந்து 1980இல் வெளிவந்த ‘பப்ளிக் பிரஷர்’ ஆல்பத்தில் அவருடைய கிதார் கிடையாது. அவரை ஒப்பந்தம் செய்திருந்த இசைத்தட்டு நிறுவனம் அனுமதிக்கவில்லை. கிதாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சகமோட்டோ சிந்தசைசரை வாசித்துச் சேர்த்தார். 1991இல் வந்த ‘ஃபேக்கர் ஹாலிக்’ தொகுப்பில்தான் கிதார் திரும்பி வந்தது.

இதைப் படித்த நாளிலிருந்து ‘பப்ளிக் பிரஷர்’ எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால், துணியின் நீளத்துக்கும் மெல்லிய கோடு விழும். வேறு நூலை முடிந்து ஓட்டினால் கோடு மறையும், கை மட்டும் ஏமாறாது. அப்பா தெருவில் போகிறவரிடம் பேசிக்கொண்டே துணியைத் தடவுவார். முடிச்சு வந்ததும் விரல் தானாக நின்றுவிடும்.

போன வாரம் மின்சாரம் போய் நான்கு தறியும் நின்றன. அப்பாவின் காதில் இயர்போனை மாட்டினேன். ஒரே மெட்டு, முதலில் 1980இல் வந்த பதிவு, அடுத்து 1991இல் வந்தது. கதை எதையும் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டார், தொடைமேல் கட்டைவிரல் ஆடியது.

“இரண்டாவதில் ஓர் ஆள் கூட இருக்கிறானே,” என்றார். “முதலில் அவனை ஏன் கூப்பிடவில்லை?”

பதில் சொல்வதற்குள் மின்சாரம் வந்துவிட்டது.