கழண்டா எங்க போய் விழும்?

போன வருடம் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு பயிற்சி நாள். எங்கள் பழைய மாருதி எஸ்டீம் காரின் முன் கண்ணாடியில் ரப்பர் சக்‌ஷன் கப் ஒன்றை ஒட்டி, அதில் ஒரு சின்ன ஆக்‌ஷன் கேமராவை மாட்டியிருந்தேன். காலை ஏழு மணிக்கு ஒட்டும்போது கண்ணாடி சில்லென்று இருந்தது, பிடித்து இழுத்துப் பார்த்தால் கண்ணாடியே கையோடு வந்துவிடும்போல அவ்வளவு இறுக்கம். பதினொரு மணிக்கு மேல், ஏசி இல்லாத, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாலாவது சுற்று, மெயின் ஸ்ட்ரெய்ட் என்கிற நேர்ப்பாதை முடிகிற இடம், பிரேக்கை அழுத்தினேன், ‘டப்’ என்று ஒரு சத்தம். கேமரா டேஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே போய்க் கிடந்தது. சரி, அங்கேயே கிடக்கட்டும் என்று திருப்பத்தில் இருந்து வெளியே வந்து ஆக்சிலரேட்டரைக் கொடுத்தேன், நேராக என் மடியில் விழுந்து, அங்கிருந்து கால் பக்கம் இறங்கிவிட்டது.

ஆறு பாயின்ட் பெல்ட் போட்டு இறுக்கியிருக்கும்போது கீழே குனிய முடியாது. பிரேக் பெடலுக்கு அடியில் அது போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. இடது காலால் அதைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு, கிளட்சைத் தொடாமல், மூன்றாவது கியரிலேயே உருட்டி உருட்டி, டிராக் ஓரம் வண்டிகளை நிறுத்துகிற பிட்டுக்கு வந்து சேர்ந்தேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் ஷூவின் அடிப்பாகத்தை ஒன்றரை நிமிடம் அருமையாகப் பதிவு செய்திருந்தது.

அடுத்த ரேஸுக்கு முன்னால் ஸ்க்ரூட்டினியில், அதாவது வண்டியின் பாதுகாப்புச் சோதனையில், வயதான ஒரு அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். வேறொரு கம்பெனி சக்‌ஷன் கப் வாங்கி மாட்டியிருந்தேன், இந்தத் தடவை இரண்டு கேபிள் டை வேறு. கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை அவர். ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, இது கழண்டா எங்க போய் விழும்?” பதில் சொல்லாமல் கழற்றி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இதே வேலையாக அலைந்தேன். கேமரா வாங்குவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன், உண்மையில் அது கால்வாசிகூட இல்லை.

முதலில் எங்கே மாட்டுவது. முன் கண்ணாடி வேண்டவே வேண்டாம். ரேஸ் வண்டியில் அது ஒரு பறை மாதிரி அதிர்கிறது, அதில் ஒட்டிய எதுவும் சேர்ந்து ஆடும். வண்டிக்குள் அசையாத ஒரே பொருள் ரோல் கேஜ், வண்டி உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கிற இரும்புக் குழாய்க் கூடு. அதில் துளை போடுவது, பற்றவைப்பது எல்லாம் யோசிக்கவே கூடாது, கேஜைத் தொட்டு மாற்றினால் அது கேஜே இல்லை என்றுதான் அர்த்தம். ஆகவே குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப். கடையில் கேமராவோடு கிடைக்கிற கிளாம்ப்புகளில் பெரும்பாலானவை சைக்கிள் ஹேண்டில்பாருக்குச் செய்தவை. ரோல் கேஜ் குழாய் அதைவிடப் பருமன்: கார் ரேஸுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி, சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கிற மெயின் ஹூப்புக்கு 45 அல்லது 50 மில்லிமீட்டர், மற்ற குழாய்களுக்கு 38 அல்லது 40. நான் ஒரு சைக்கிள் கிளாம்ப்பை விரித்து மாட்டி, பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். கோயமுத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம். அந்த அண்ணன் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இதென்ன சைக்கிள் பெல்லுங்களா?” என்றார். அலுமினியக் கட்டை ஒன்றை எடுத்து 38க்குத் துளை எடுத்து, நடுவில் இரண்டாகப் பிளந்து, நான்கு ஆலன் போல்ட், அதிர்வில் கழலாத நைலாக் நட் போட்டுக் கொடுத்தார். பெல் கிண்டலைச் சேர்க்காமல் ஒரு டீ செலவு.

நடுவில் ரப்பர் ஷீட் வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் வைத்தேன், அதிர்வை வாங்கிக்கொள்ளும் என்று நினைத்து. நடந்தது நேர்மாறு. நான்கு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு நொடிக்கு 100 சுற்று, ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக நொடிக்கு 200 தட்டு. இந்தச் சின்ன கேமராக்களின் சென்சார் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரியைப் படிக்கும்போது கேமரா ஒரு இடத்தில், கடைசி வரிக்குள் அது மூன்று தடவை ஆடி முடித்திருக்கும். விளைவு, டேஷ்போர்டு, டயர் சுவர், முன்னால் போகிற வண்டி எல்லாம் தட்டில் வைத்து ஆட்டிய திருநெல்வேலி அல்வா மாதிரி நெளியும். மெத்தென்ற ரப்பர் அந்த ஆட்டத்தைக் கூட்டும். மவுண்ட் எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது. கேமராவுக்கும் குழாய்க்கும் நடுவே நீட்டிப்புக் கை, மடக்கு மூட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது ஆட்டம் பெருகும். என்னிடம் இப்போது ஒரே ஒரு மூட்டுதான் இருக்கிறது, கேமரா குழாயை உரசுகிற மாதிரி நிற்கிறது.

பலம் எவ்வளவு வேண்டும்? வண்டிக்குள் வைக்கிற தீயணைப்பு சிலிண்டரின் பிடி 25 ஜி, அதாவது எடையைப்போல 25 மடங்கு விசை, தாங்க வேண்டும் என்று எஃப்ஐஏ விதி இருக்கிறது, நானும் அதையே கணக்காக எடுத்துக்கொண்டேன். கேமரா சுமார் 150 கிராம், கிளாம்ப் 200 கிராம், மொத்தம் 350. 25 ஜியில் அது கிட்டத்தட்ட 9 கிலோ. ஒன்பது கிலோ அரிசி மூட்டையை அந்த கிளாம்ப்பில் தொங்கவிட்டுப் பார்த்தேன், சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வீட்டில் இருந்த அரிசியை எடுத்துப் போய்த் தொங்கவிட்டேன். அம்மா இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார். தாங்கியது. அதற்கு மேல் மெல்லிய ஸ்டீல் கயிறு ஒன்று, கேமராவின் கூட்டில் இருந்து கேஜுக்கு. கிளாம்ப் உடைந்தாலும் கேமரா அந்தக் கயிற்றின் நீளத்துக்கு மேல் போகாது, கயிறு என் தலைக்கோ கைக்கோ எட்டாத நீளம். அந்த அதிகாரியின் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது: “எங்கேயும் விழாதுங்க சார்.”

இடம்: எனக்கு இடது பக்கம், சீட்டுக்குப் பின்னால், பெல்ட் கட்டுகிற குறுக்குக் குழாய். நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் அங்கிருந்து பார்த்தால் இரண்டு கை, கியர் லீவர், ஆர்பிஎம் மீட்டர், வெளியே டிராக் எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வலது தோள் பக்கம் மாட்டிவிட்டு, கதவு கம்பியை மட்டும் படம் எடுத்த ஆட்கள் உண்டு, அதில் நானும் ஒருவன். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. இடிபடும்போது பெல்ட் இழுபட்டு உடம்பும் தலையும் நாம் நினைப்பதைவிட ரொம்ப தூரம் போய்த் திரும்பும், ஹெல்மெட் போகக்கூடிய அந்த வட்டத்துக்குள் கேமரா வரக் கூடாது.

இதெல்லாம் பெரிய ஆட்கள் எப்போதோ முடித்த வேலை. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் ரேஸில் பீட்டர் வில்லியம்சனின் டொயோட்டா செலிக்காவுக்குள் சேனல் 7 டிவி கேமரா வைத்து நேரலையாகவே காட்டியது, அவர் ஓட்டிக்கொண்டே வர்ணனையாளர்களோடு பேசிக்கொண்டு போனார். ஃபார்முலா ஒன்னில் 1985 ஜெர்மன் கிராண்ட் பிரீயில் ஃபிரான்சுவா எஸ்னோவின் ரெனோ காரில் கேமரா வைத்தார்கள், எட்டே சுற்றில் கிளட்ச் போய் வண்டி நின்றுவிட்டது. நமக்கு இன்றைக்கு உள்ளங்கை அளவில் கிடைக்கிறது, அதையும் கீழே போட்டு மிதிக்கிறோம்.

சரி, எந்த கேமரா? இரண்டு வருடப் பழைய மாடல் போதும். 4கே எல்லாம் நமக்கு எதற்கு, சூட்டில் பாதியில் அணைந்து போகும். 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம். ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம். கேமராவுக்குள் அசைவை அளக்கிற கைரோ, வண்டி திரும்புவதைக் கை நடுக்கம் என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். அப்புறம் வெளியே டிராக் அசையாமல் நிற்க, டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் படகு மாதிரி மிதக்கும். பார்த்தால் தலை சுற்றும். லென்ஸை ரொம்ப அகலத்தில் வைத்தால் வேகம் ஜிவ்வென்று தெரியும், நண்பர்களுக்கு அனுப்ப நன்றாக இருக்கும், ஆனால் முன்னால் போகிற வண்டி தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும், எங்கே பிரேக் பிடித்தோம் என்றும் தெரியாது. நான் லீனியரில், அதாவது ஓரங்கள் வளையாத, அகலம் குறைந்த அமைப்பில் வைக்கிறேன். வண்டிக்குள் இருட்டு, வெளியே பளீர் வெயில், ஆட்டோவில் விட்டால் கேமரா உள்ளே இருக்கிற இருட்டுக்காக வெளிச்சத்தைக் கூட்டி, டிராக்கை வெள்ளை வேட்டி மாதிரி ஆக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் போதும். மெமரி கார்டு, பதிவு வேகத்தைக் குறிக்கிற வி30 என்று போட்டதாக வாங்குங்கள். நொடிக்கு 60 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி, ஆக 64 ஜிபி ஒரு நாளுக்குத் தாராளம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியில் இருந்தே 5 வோல்ட் கொடுத்தால் கேமரா அவ்வளவு சூடாகாது, ஒரு பிரச்சினை குறையும்.

சத்தத்தை நான் முதலில் கண்டுகொள்ளவே இல்லை. கேமராவின் சொந்த மைக்கில் காற்றிரைச்சலும் கியர்பாக்ஸ் ஊளையும்தான் விழுந்தது. சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்றைப் பஞ்சில் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் காற்று படாத மூலையில் டேப் போட்டு ஒட்டினேன். இன்ஜின் சத்தம் தெளிவாக வந்தது. இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், ஜிபிஎஸ் தகவல் எடுக்கிற பெட்டி என்னிடம் இல்லை. ஃபோன் ஆப்பில்தான் சுற்று நேரம் பார்க்கிறேன். என் ஃபோன் ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தடவைதான் இடத்தைக் குறிக்கிறது, 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 42 மீட்டர் போய்விடும், அதற்குள் பிரேக் பிடித்துத் திரும்பவே ஆரம்பித்திருப்போம். நொடிக்கு 10 தடவை எடுக்கிற கருவி என்றால் நாலு மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும், அதற்குக் காசு சேர வேண்டும். அதுவரை காதுதான், எங்கே ஆக்சிலரேட்டரில் இருந்து கால் எடுத்தேன் என்பதை இன்ஜின் சத்தம்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் முதல் தடவையாக எல்லாம் சரியாக அமைந்தது. ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சி1 என்று நாங்கள் சொல்கிற முதல் திருப்பத்தில் கடைசி நொடி வரை ஆக்சிலரேட்டரில் இருந்து கால் எடுப்பதே இல்லை என்று பிட்டில் எல்லாரிடமும் அடித்துச் சொல்லி வைத்திருந்தேன். வீடியோவில் வண்டியின் மூக்கு பிரேக்குக்கு இறங்குவதற்கு முன்னாலேயே இன்ஜின் சத்தம் ஒரு கணம் தணிகிறது. ஒரு சுற்றில் இல்லை, பதினொரு சுற்றிலும், அதே இடத்தில், அதே அளவுக்கு. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மைக்ல ஏதோ கோளாறுண்ணா” என்றான், பாவம், எனக்காக.

இப்போது பெடல்களைப் பார்க்கிற மாதிரி கீழே இன்னொரு பழைய கேமரா வைக்கலாம் என்று யோசனை. லேத் அண்ணனிடம் அளவு கொடுத்துவிட்டேன். அடுத்த ஸ்க்ரூட்டினியில் அந்தப் பெரியவர் முதலில் கால் பக்கம்தான் டார்ச் அடித்துப் பார்ப்பார், அவர் என்ன கேட்பார் என்பதும் தெரியும்.