அப்பாவின் தங்கப்பல்

பிப்ரவரி 9

பீரோ அடித்தட்டில் அப்பாவின் ஃபிலிம் டப்பா கிடைத்தது. பஞ்சுக்குள் மூன்று தங்கப் பல் உறைகள், கூடவே கறுத்த அடைப்போடு ஒரு கடைவாய்ப் பல். டாக்டர் கழற்றும்போதெல்லாம் அப்பா கேட்டு வாங்கி வைத்தவை. அடுத்த மாதம் திருவந்திபுரத்தில் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாத்தா தங்கத்திலேயே கம்மல் செய்யலாமா என்று கேட்டேன். அம்மா பேசவில்லை. ஓர் உறையை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 11

மொட்டைமாடியில் நானே தங்கத்தையும் கரைக்கும் இராச திராவகம் என்ற அமிலக் கலவையில் கரைத்துவிடலாம் என்றிருந்தேன். நகை செய்யும் திருப்பாதிரிப்புலியூர் பத்தர் கேட்டதும் கையிலிருந்த சாமணத்தைக் கீழே வைத்தார். "வேணாம் தம்பி. அந்தச் செம்புகை நெஞ்சுல போனா அப்ப ஒண்ணும் தெரியாது. ராத்திரிதான் மூச்சு முட்டும்."

கறுத்த பல்லைத் தனியே தள்ளினார். அந்த அடைப்பில் ஏறக்குறையப் பாதி பாதரசம். நெருப்பில் காட்டவே கூடாது. பல் டாக்டரிடமே கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 13

உறைகளைத் துணியில் சுற்றித் தட்டினோம். உள்ளே ஒட்டியிருந்த சிமெண்ட் மாவாக உதிர்ந்தது. எடை 4.10 கிராம். டச், அதாவது மாற்று, பார்த்ததில் தங்கம் நூற்றுக்கு 68. மீதி வெள்ளி, செம்பு, கொஞ்சம் பலேடியம். முழுத் தங்கம் என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். சுத்தத் தங்கம் மிருது, மெல்லுவதற்குத் தாங்காதாம்.

பிப்ரவரி 16

நாள் முழுக்கப் பட்டறையில். பத்தர் தன் வெள்ளியில் ஏழு கிராம் சேர்த்து உருக்கினார். பிரிக்க வந்த இடத்தில் சேர்க்கிறாரே என்று பதறினேன். தங்கம் நாலில் ஒரு பங்காக இளைத்தால்தான் நைட்ரிக் அமிலம் உள்ளே புகுந்து மற்றதையெல்லாம் கரைக்குமாம். உருகியதைத் தண்ணீரில் ஊற்றிக் குருணையாக்கி, புகைபோக்கிக்கு அடியில் அமிலத்தில் போட்டார். செம்புகை குபுகுபுவென்று எழுந்தது, அமிலம் பச்சையானது. கடைசியில் அடியில் மிஞ்சியது நனைந்த காபித்தூள் மாதிரி இருந்தது. அப்பாவின் தங்கம் போய்விட்டதோ என்று திக்கென்றது.

கழுவக் குழாய்த் தண்ணீரைத் தொடவே விடவில்லை. நம்மூர்த் தண்ணீரில் உப்பு. பட்டால் கரைந்திருக்கும் வெள்ளி பால் திரிந்ததுபோல் வெளுத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஐந்து தடவை அலசினார். பிறகு உருக்கும் கிண்ணமான மூசையில் இட்டு, வெங்காரம் தூவி ஊதினார். பழுப்புப் பொடி சிவந்தது, சுருங்கியது, சட்டென்று ஒரே துளியாகத் திரண்டு உருண்டது. ஆறியதும் மஞ்சள். 2.74 கிராம்.

பிப்ரவரி 20

செம்பு சேர்த்து 916 ஆக்கி, ஒரு கிராமில் இரண்டு கம்மல். பத்தர் செம்புத் தகடு போட்டுத் தன் வெள்ளியை மீட்டுக்கொண்டார், கூலி மட்டும் வாங்கினார். மிச்சத் துண்டை அம்மா பஞ்சில் சுற்றி அதே டப்பாவில் வைத்தாள்.