தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 15

இன்றிலிருந்து மீன்பிடித் தடை. ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டில் லாஞ்செல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத்தான் காலும் மக்கர் பண்ணுது என்கிறார் நைனா, என்னவோ அதில் லாபம் இருப்பது போல.

ஏப்ரல் 17

புள்ளியியல் தேர்வுக்கு ஆஸ்பத்திரியில் நைனா கட்டிலருகே உட்கார்ந்து படிக்கிறேன். முதல் பாடம், மாறிகள், அதாவது ஆளுக்கு ஆள் மாறும் விவரங்கள். வகைப்படுத்துக என்று இருபது கேள்வி. கண்ணின் நிறம், காரின் எடை என்றெல்லாம் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் எல்லாக் கண்ணும் ஒரே நிறம், காரும் இல்லை. தலைமாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரத்த வகை பி பாசிட்டிவ். பண்புசார் மாறி, பெயரளவு அளவை. ஓ-வை விட பி உசத்தி என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரை 212. அளவுசார், அதிலும் தொடர் மாறி. 212-க்கும் 213-க்கும் நடுவில் எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் இருக்கலாம், மிஷின்தான் முழு எண்ணாகக் காட்டுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஊசி என்பது எண்ணிக்கை, அதனால் தனித்த மாறி. இதுவரை சரி.

கட்டில் 17-இல் தடுக்கி விழுந்தேன். எண்தானே என்று அளவுசார் பக்கம் போட்டுவிட்டேன். இரவு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அது வெறும் பெயர். ராயபுரம் 600013, தண்டையார்பேட்டை 600081. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 600047. பக்கத்துப் பேட்டைகள் இரண்டைக் கூட்டி வகுத்தால் தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

வயது: ஆதாரில் 58, அம்மா கணக்கில் 61. இதை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 18

சிஸ்டர் கேட்டார், பத்துக்கு எவ்வளவு வலி? நைனா சொன்னார், மூணு.

ஏப்ரல் 19

மூணு.

ஏப்ரல் 21

இன்றும் மூணு. கட்டு பிரிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே யார் வண்டி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்கால் வரை வீங்கியிருக்கிறது. இதற்கு மூணா?

நாலு வகை அளவை. பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம். ஸ்டீவன்ஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1946-இல் பிரித்தது. வலி எண் வரிசை அளவையில் வரும். ஆறு நாலை விடப் பெரிது, அவ்வளவுதான் சொல்லலாம். நாலு இரண்டைப் போல் இருமடங்கு என்று சொல்லக்கூடாது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு உள்ள தூரமும் எட்டிலிருந்து ஒன்பதுக்கு உள்ள தூரமும் ஒன்று என்றும் சொல்லக்கூடாது. அதனால் கூட்டுச் சராசரி எடுப்பது சரியில்லை, இடைநிலை, அதாவது வரிசையில் நடுவே நிற்பதை, எடுக்கலாம் என்கிறது புத்தகம்.

நைனாவுக்கு எல்லாம் ஒன்றுதான். கூட்டுச் சராசரி 3, இடைநிலை 3, அதிகத் தடவை வருகிற முகடு 3, எவ்வளவு சிதறியிருக்கிறது என்று காட்டும் திட்ட விலக்கம் பூஜ்யம். இப்படி ஒரு தரவை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஏப்ரல் 22

வஞ்சிரம் விலை கேட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். விற்கிறவளே.

ஏப்ரல் 24

பெரிய டாக்டர் ஒரு நைலான் இழையைக் கொண்டுவந்தார். நைனாவைக் கண்ணை மூடச் சொல்லி, இழை வளைகிற வரை பாதத்தில் அழுத்தினார். பட்டால் சொல்ல வேண்டும். பத்து இடம். மூன்று இடத்தில்தான் "ம்" என்றார். மற்ற ஏழுக்கும் "இன்னும் ஆரம்பிக்கலயா சார்?" என்று கேட்டார்.

பத்துக்கு மூணு, மறுபடியும். ஆனால் இது வேறு மூணு. ஒவ்வொரு இடத்திலும் பட்டது, படவில்லை என்று இரண்டே விடை, பெயரளவு மாறி. பட்டதை எண்ணினால் தனித்த மாறி. இந்த மூணைக் கூட்டலாம், கழிக்கலாம், அடுத்த மாசத்து எண்ணோடு ஒப்பிடலாம். சிஸ்டரின் மூணை அப்படிச் செய்ய முடியாது. இரண்டும் ஒரே ஷீட்டில் ஒரே பேனாவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

சர்க்கரையில் நரம்பு மரத்துவிட்டது, அதனால்தான் ஆணி குத்தியதே தெரியாமல் போயிருக்கிறது என்றார் டாக்டர். அப்படியானால் வலி குறைவு என்பது நல்ல சேதி இல்லை. ஆறு நாளாக அந்த மூணைக் கேட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 25

புண்ணுக்கு கிரேடு 3 என்று எழுதியிருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை உண்டாம். இன்னொரு மூணு. இதுவும் வரிசைதான். மூன்று என்றால் ஆழமாக இறங்கிச் சீழ் பிடித்துவிட்டது, இல்லை எலும்பிலேயே தொற்று, நாலு என்றால் விரல் கறுத்துவிட்டது. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் உள்ள தூரத்தை எந்த ஸ்கேலில் அளப்பது?

ஏப்ரல் 27

படிக்கவில்லை.

ஏப்ரல் 28

காய்ச்சல். 39 டிகிரி. செல்சியஸ் இடைவெளி அளவை. 37-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசம் 38-க்கும் 39-க்கும் உள்ளதேதான், ஆனால் 40 டிகிரி 20 டிகிரியைப் போல் இருமடங்கு சூடு இல்லை. பூஜ்யம் நாமாக வைத்துக்கொண்டது. 1742-இல் செல்சியஸ் முதலில் தலைகீழாக வைத்திருந்தாராம், கொதிநிலை 0, உறைநிலை 100. அப்புறம்தான் திருப்பினார்கள். சர்க்கரை அப்படி இல்லை, அது விகித அளவை, அங்கே பூஜ்யம் என்றால் நிஜமாகவே ஒன்றும் இல்லை. 240 என்றால் 120-ஐப் போல் இருமடங்குதான். ஈரத்துணி மாற்றிக்கொண்டே இதையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். "எந்த ஸ்கேல்ல வெச்சாலும் சுடுது கண்ணு" என்றார்.

மே 1

ஐந்து நாள் காலைச் சர்க்கரை: 212, 188, 240, 176, 384. அந்த 384 எதிர்க்கட்டில்காரர் வீட்டிலிருந்து வந்த பலாச்சுளை. அம்மாவுக்குத் தெரியாது.

கூட்டினால் 1200, சராசரி 240. இடைநிலை 212. 384-ஐ விட்டால் சராசரி 204, இடைநிலை 200. ஒரு சுளைக்கு சராசரி 36 ஏறிப் போகிறது, இடைநிலை 12தான்.

திட்ட விலக்கம் மூன்று தடவை போட்டும் 75 வருகிறது. விடை 84-க்கு மேல் வர வேண்டும் என்கிறது ஃபோன் கால்குலேட்டர். அழுகை வந்தது, கணக்குக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

மே 2

கண்டுபிடித்துவிட்டேன்! ஐந்தால் வகுத்திருக்கிறேன். இது கூறு, அதாவது மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு பகுதி, அதனால் நாலால் வகுக்க வேண்டும். ஏன் ஒன்று குறைகிறது என்பதும் கிடைத்தது. சராசரியிலிருந்து விலக்கங்கள்: −28, −52, 0, −64, 144. கூட்டினால் பூஜ்யம், எப்போதும் பூஜ்யம்தான். நாலு தெரிந்தால் ஐந்தாவது தானாக வந்து மாட்டிக்கொள்ளும், அதற்கென்று சொந்தமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 28320, நாலால் வகுத்தால் 7080, மூலம் 84.1.

நைனாவிடம் நோட்டைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "கையெழுத்து நல்லா கீது" என்றார்.

மே 5

கையெழுத்துப் போட்டோம். அம்மா ரேகை.

மே 6

விரல்களின் எண்ணிக்கை: தனித்த மாறி. நேற்று வரை 10. இன்று 8.

மே 9

"உண்மையச் சொல்லு நைனா, எவ்ளோ வலி?"

"மூணு."

"பொய்."

அப்புறம் சொன்னார். பக்கத்துக் கட்டில் 18-காரர் வலி எட்டு என்றாராம், ஊசி போட்டுவிட்டார்களாம். ஒன்று என்றால் நம்ப மாட்டார்கள், ஐந்துக்கு மேல் போனால் ஊசி. "மூணுன்னா உட்ருவாங்கோ."

ஆக, அது வரிசை அளவையே இல்லை. கட்டில் எண் 17 போல அதுவும் ஒரு பெயர், என்னை விடுங்கள் என்பதற்குப் பெயர். ஆனால் நரம்பு மரத்திருக்கிறதே, நிஜமாகவே மூணாகவும் இருக்கலாமே? உணராத வலிக்கு மூணு, மறைத்த வலிக்கு மூணு, உண்மையான மூணுக்கும் மூணு. இதைப் பிரிக்க எந்தக் கேள்வியைக் கேட்பது? பாடத்தில் தேடினேன், அடுத்த அத்தியாயம் பட்டை வரைபடம்.

சிஸ்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மே 10

சொல்லிவிட்டேன். நைனா என்னிடம் பேசவில்லை.

மே 13

பேசவில்லை. மாதிரித் தேர்வில் 50-க்கு 41. ஹால் டிக்கெட் எண்ணைத் தொடர் மாறி என்று எழுதித் தொலைத்தேன், இன்னும்.

மே 16

மணிக்கூண்டில் இறங்கி நைனாவுக்கு அகலமான செருப்பு தேடினேன். எல்லாக் கடையிலும் முதலில் கேட்பது "எந்த நம்பர்?" செருப்பு அளவு தனித்ததா தொடரா என்று புத்தகத்தில் ஒரு கேள்வி உண்டு. கடையில் 8 உண்டு, 9 உண்டு, நடுவில் ஏதும் இல்லை. பாதத்தின் நீளம் தொடர். கட்டோடு சேர்த்து அளந்தால் வலதுக்கு 8, இடதுக்கு 10. ஜோடியைப் பிரித்துத் தர மாட்டோம் என்றார்கள். இரண்டு ஜோடி வாங்கினேன்.

மே 17

சிஸ்டர் கேட்டார். நைனா என்னைப் பார்த்தார், அப்புறம் கூரையைப் பார்த்தார்.

"ஆறு" என்றார்.

மே 19

ஆறு, நாலு, நாலு, ஐந்து. இடைநிலை எடுக்க வரிசைப்படுத்தினேன்: 4, 4, 5, 6. இரட்டைப்படை, நடு இரண்டையும் கூட்டி வகுக்கச் சொல்கிறது. வரிசை அளவையில் கூட்டக்கூடாது என்று இருபது பக்கம் முன்னால் சொன்னதும் இதே புத்தகம்தான்.

நாளை சாரிடம் கேட்க வேண்டும். பால், பஞ்சு, ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் இரண்டு