புங்கன்குளத்துச் சனம்

எங்கள் பழைய மாணவர் மலர்க்குழு இந்த முறை எழுதச் சொல்லித் தந்த தலைப்பு ‘இனி என்ன கனவு?’ ஐம்பத்தைந்து வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? பிள்ளைகளின் கனவுக்கே இன்னும் காசு கட்டி முடியவில்லை. எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அதற்குள் கணக்குப் படிப்பித்த சேர் காலமாகிவிட்டாராம் என்று ஊரிலிருந்து செய்தி. பெயர் எழுதவில்லை, எங்கள் காலத்தவர்களுக்கு அது தேவையுமில்லை.

1984, ஒன்பதாம் வகுப்பு. தமிழ் ரீச்சர் லீவு, பதில் பாடத்துக்குச் சேர் வந்தார். மேசையில் ‘எனது எதிர்கால இலட்சியம்’ கட்டுரைக் கொப்பிகள். சும்மா இருக்கிற மனிதரா? ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். டொக்டர், எஞ்சினியர், டொக்டர், திரும்பவும் டொக்டர். பல்கலைக்கழகத்துக்கு மாவட்டவாரியாக ஆள் எடுக்கிற தரப்படுத்தல் வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும், கம்பஸுக்கு எத்தனை பேர் எடுபடுவார்கள் என்று பிள்ளைகளுக்கே தெரிந்தும், யாழ்ப்பாணத்துக் கொப்பிகளில் வேறு தொழிலே கிடையாது. என் கொப்பியில் மட்டும் யாழ்தேவி ரயில் ஓட்டுவேன் என்றிருந்தது.

“வாங்கிலை ஏறு. காங்கேசன்துறையிலயிருந்து எடு பாப்பம்.”

எடுத்தேன். மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம், நாவற்குழி...

“நில்லடா. புங்கன்குளத்துச் சனத்தை ஆர் ஏத்திறது, உன்ரை கொப்பரோ?”

கடுகதி ரயில் எந்தக் காலத்தில் புங்கன்குளத்தில் நின்றது என்று திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஏ.எல். முடியும்வரை என் பெயர் புங்கன்குளம்தான், இன்றைக்கும் ஒன்றுகூடலில் இரண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

“அழிச்சுப்போட்டு எஞ்சினியர் எண்டு எழுது” என்றார் சேர். எழுதினேன். எழுதவைத்ததோடு விட்டாரா என்றால், இல்லை. சனிக்கிழமைகளில் தன் வீட்டு விறாந்தையில் இருத்தி, ஒரு சதம் வாங்காமல், தேத்தண்ணியும் தந்து கணக்குச் சொல்லித் தந்தார். 1989இல் கொழும்புக்கு ரயில் ஏறினேன், இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்ற நினைப்போடு. அடுத்த வருடம் யுத்தத்தால் ரயிலும் நின்றுபோனது. இன்று கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்து யாரோ கட்டப்போகிற பாலத்துக்குக் கணக்குப் பார்க்கிறேன் என்றால் அது அவர் போட்ட சோறு. வகுப்பில் உரக்கச் சிரித்தவன், டொக்டர் என்று எழுதியவன், இங்கே டிடிசி நகரசேவையில் பஸ் ஓட்டுகிறான். அவனைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான், சொன்னால் நம்பமாட்டான்.

சிலிப்பர்கட்டையும் தண்டவாளமும் பங்கர் என்ற பதுங்குகுழிகளுக்குப் போய், 24 வருடம் பாதை பற்றைக்காடாகக் கிடந்து, 2014 ஒக்டோபரில்தான் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. 2016இல் அதில்தான் போனேன். அதே விறாந்தை, அதே சாய்மனைக் கதிரை. எஞ்சினியர் என்றேன். சேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அங்கை எங்கடை பெடியள் பஸ் ஓடினமாம், நல்ல சம்பளமாம். நீ ஏன் போகேல்லை?”

மறந்துதான் கேட்டாரோ, தெரிந்துதான் கேட்டாரோ. முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

சரி, மலர்க்குழுவுக்குப் பதில். பென்சன் எடுத்த பிறகு ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று ஸ்காபரோவில் எல்லாரும் சொல்லுகிற அதே கனவுதான் எனக்கும். நுளம்பு என்கிறா மனைவி. அதுகூடப் பரவாயில்லை, வலை கட்டலாம். பின்னேரத்தில் போய் இருந்து பேச்சு வாங்க அங்கே எனக்கு இருந்தது ஒரு வீடுதான்.