மின்னலுக்குத் தப்பும் நகல்

ஐப்பசியில் மத்தியானம் மூணு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து வந்தால் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் முதலில் டிவி பிளக் கழலும். கம்ப்யூட்டர் பிளக்கையும் சிலர் பிடுங்குவார்கள். பிராட்பேண்ட் பெட்டியிலிருந்து வரும் லேன் வயரும், யுஎஸ்பியில் சொருகியே கிடக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே இருக்கும். மின்னலுக்குக் கரண்டு கம்பி ஒன்றுதான் வழி என்றில்லை. கேபிள் டிவி வயர், பழைய செம்பு டெலிபோன் லைன், லேன் வயர், எது கிடைத்தாலும் உள்ளே வரும். மதர்போர்டு போகிற அதே நொடியில் அதோடு ஒட்டியிருக்கும் பேக்கப் டிஸ்க்கும் போகலாம்.

அதனால் பேக்கப் எடுத்து வைக்க எதை வாங்குவது என்று பார்க்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: கம்ப்யூட்டருக்கு வருகிற கேடு இந்த நகலுக்கும் வருமா? சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் போட்டு வைப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான லேப்டாப்பில் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டுகள். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும்.

அடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவ் ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் ஜிபி கணக்கு வரும். டவுன்லோட் செய்த சினிமாவைக் கழித்தால் பல வீடுகளில் 100 முதல் 300 ஜிபிக்குள் அடங்கிவிடும். அதிலும் தொலைந்தால் திரும்பக் கிடைக்காதது இன்னும் குறைவு. பட்டாவை இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்து ஆதாரம் (நிலப் பத்திரம்), கொல்லம் ஆண்டு போட்டு மலையாளத்தில் எழுதியது, மூலமே செல்லரித்துக்கொண்டிருக்கிறது என்றால் அதன் ஸ்கேன்தான் முதலில் காப்பாற்ற வேண்டியது.

டிடிபி வேலை செய்கிறவர்கள் மறந்துபோகிற ஒன்று எழுத்துரு. பாமினியில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகை, எம்எல்-டிடி கார்த்திகாவில் அடித்த மலையாளப் பத்திரிகை, இவற்றை மட்டும் காப்பி எடுத்து வைத்தால் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கிறதே, அங்கே உள்ள அந்த எழுத்துரு ஃபைல்களையும் சேர்த்து எடுங்கள்.

இலவச கிளவுடை நம்பி நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கூகுள் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாமே அதில் பங்கு. போட்டோவை அளவில்லாமல் ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ஓடு நின்றுவிட்டது. ஒன்டிரைவ் 5 ஜிபி. காசு கட்டி இடம் வாங்கினாலும் ஏற்றுகிற வேகம் இடிக்கும். 300 ஜிபியை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற, நிற்காமல் ஓடினாலே கிட்டத்தட்ட 67 மணி நேரம். இன்னொன்று, இவை ஒத்திசைவு வேலை செய்பவை. இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. ஆகவே கிளவுடில் திரும்பக் கிடைக்காத அந்தக் கொஞ்சத்தை மட்டும் வையுங்கள். ஆதார், பேங்க், பத்திர ஸ்கேன்களைச் செவன்-ஜிப் என்ற மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டு ஒரே ஃபைலாக ஏற்றலாம். பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியவிடுங்கள்.

மிச்சத்துக்கு ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. எஸ்எஸ்டி வேகம், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் கரண்டு கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்க ஏற்றதில்லை. பென் டிரைவைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். சந்தையில் 2 டிபி என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு விற்கும் பென் டிரைவுக்குள் 32 ஜிபி சிப் இருக்கும். அது நிறைந்த பிறகு எழுதுவது எல்லாம் காற்றில் போகும், எரர் கூடக் காட்டாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது இந்த மோசடி இல்லை. கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது.

வாங்கினால் இரண்டரை இஞ்ச் போர்ட்டபிள் டிஸ்க்கே போதும், யுஎஸ்பியிலேயே ஓடும். மூன்றரை இஞ்ச் டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், அது ஒன்று கெட்டால் தேடி அலைய வேண்டும். அதைவிட மலிவு, லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டபோது கழற்றிக் கொடுத்த பழைய ஹார்ட் டிஸ்க். சில நூறு ரூபாய்க்கு சாட்டா கேஸிங் (டிஸ்க்கை யுஎஸ்பியில் சொருக வைக்கும் பெட்டி) வாங்கிப் போட்டால் அதுவே ஒரு பேக்கப் டிஸ்க். போடும் முன், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். வரியின் வலது ஓரத்தில் உள்ள எண் மூன்றிலும் பூஜ்யமாக இருந்தால் தைரியமாக எடுக்கலாம். சி5-இல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் சினிமா வையுங்கள், குழந்தை போட்டோ வேண்டாம். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் வயரோ கேஸிங்கோ தொந்தரவு, டிஸ்க் அல்ல. நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் சொருகுங்கள். பழைய போர்ட்டில் நொடிக்கு 30, 40 எம்பிதான் போகும். 300 ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்கில் இருந்தால் எந்தப் போர்ட்டிலும் இழுக்கும்.

டிஸ்க் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்றுக்கு 'ஒற்றை', மற்றதற்கு 'இரட்டை' என்று பெயர் வையுங்கள். ஒற்றைப்படை மாதம் 'ஒற்றை' வீட்டில், இரட்டைப்படை மாதம் 'இரட்டை'. வீட்டில் இல்லாதது பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில். மாற்றும்போது இங்குள்ளதைக் கொண்டுபோய்க் கொடுத்து அங்குள்ளதை எடுத்து வாருங்கள், இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு ராத்திரி கூடத் தங்கக்கூடாது. பக்கத்து வீடு கணக்கில் வராது. 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோதும் 2021 நவம்பர் வெள்ளத்திலும் அடிபட்டது ஒரு வீடு மட்டுமா?

நகலெடுக்க விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் தேடினால் கிடைக்கும். மணிக்கு ஒரு முறை மாறிய ஃபைலை எடுத்து, பழைய வடிவத்தையும் வைத்திருக்கும். டி டிரைவைத் தானாகத் தொடாது என்பதுதான் வினை. அந்த ஃபோல்டரை 'இன்க்ளூட் இன் லைப்ரரி' கொடுத்துச் சேர்க்க வேண்டும். இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் தோது. இடப்பக்கம் கம்ப்யூட்டர் ஃபோல்டர், வலப்பக்கம் டிஸ்க், முறை 'அப்டேட்'. 'மிரர்' வேண்டாம், இங்கே தவறி அழிந்ததை அங்கேயும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். அழிப்பது பற்றிய அமைப்பில் 'வெர்ஷனிங்' தேர்ந்து, டிஸ்க்கிலேயே 'பழையது' என்று ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். பெயர் வைக்கும் முறையில் 'டைம் ஸ்டாம்ப்' கொடுத்தால், மேலெழுதப்படும் ஃபைலின் முந்தைய வடிவம் தேதியோடு அங்கே போய்விடும்.

'கம்பேர்' அழுத்தியதும் வரும் பட்டியலை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் 'சிங்க்' அழுத்த வேண்டும். இந்த மாதம் நீங்கள் தொட்டது ஐம்பது ஃபைல், பட்டியலில் மாறியது எட்டாயிரம் என்றால் நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். கிராக் செய்த மென்பொருளோடு வந்த ரான்சம்வேர் (பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) ஃபைல்களைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். சொருகியிருக்கும் எல்லா டிரைவையும் அது பூட்டும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைப்பது மின்னலுக்கு மட்டும் இல்லை.

விண்டோஸ் 11 இருந்தால், டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தானாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும், இப்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதிப் பத்திரப் பெட்டியில் வையுங்கள்.

ஆடி மழையும் ஐப்பசி மழையும் விடாத ஊரில் அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், டிஸ்க்கின் யுஎஸ்பி வாயில் பச்சைக் களிம்பு ஏறும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்க்கை வேறொரு லேப்டாப்பில் சொருகி, பத்து ஃபைலைத் திறந்து பாருங்கள். அக்கா வீட்டு லேப்டாப்பே போதும். போட்டோவின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் காப்பி பாதியில் அறுந்திருக்கிறது. வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். பார்த்த தேதியைப் பிளாஸ்திரித் துண்டில் எழுதி டிஸ்க்கின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.