எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?

2013-இல் எனக்கு விமானி வேலை கிடைத்தபோது அப்பா பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். முத்திரைத்தாளில் அச்சடித்த ஒப்பந்தத்தை ஊருக்குக் கொண்டுபோய், ஜாமீன்தாரர் என்று இருந்த இடத்தில் அவரிடம் கையெழுத்துக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார்.

"அஞ்சு வருஷம் இருக்கணும். நடுவுல விட்டுட்டுப் போனா இருபது லட்சம் கட்டணும். அப்படித்தானே?"

"ஆமாப்பா."

"சரி, எங்க போடணும்னு காட்டு."

கையெழுத்துப் போட்டார். தொகை எழுதாத இரண்டு காசோலைகளையும் நிறுவனம் கேட்டிருந்தது. அதையும் கொடுத்தார். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருந்தது. என்னுடைய 200 மணி நேரப் பறப்புப் பயிற்சிக்காக வைத்தது. அந்த மணிக்கணக்கு முடிந்தால்தான் வணிக விமானி உரிமத்துக்கே விண்ணப்பிக்க முடியும்.

அந்த வேலைக்காக நான் நான்கு வருடம் காத்திருந்தேன். உரிமம் வாங்கியது 2009-இல். பொருளாதார மந்தத்தில் யாரும் புது ஆள் எடுக்கவில்லை. பிறகு 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் நின்றுபோனது. அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி அலைந்தபோது 200 மணி நேரக்காரனை யார் சீண்டுவார்கள்? திண்டுக்கல்லில் இயற்பியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். மருத்துவத் தகுதி, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டையும் காலாவதியாக விடக்கூடாது, அதற்கு வருடா வருடம் பணம் வேண்டும். அப்படி இருந்தவனிடம் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பான்.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் கையில் இருப்பதால் மட்டும் ஒருவர் ஏர்பஸ் 320-இல் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. அந்த ரக விமானத்துக்கென்று டைப் ரேட்டிங் வேண்டும். வகுப்பு, சிமுலேட்டர், அப்புறம் பயணிகளோடு பறந்து பழகும் லைன் ட்ரெயினிங், கடைசியில் ரூட் செக் என்ற தேர்வுப் பறப்பு. மாதக்கணக்கில் ஆகும், லட்சக்கணக்கில் செலவாகும். அதெல்லாம் முடிந்த மறுமாதமே அந்த ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அந்தச் செலவு போனதுதான். ஆகவே இப்படி எழுதி வாங்கும் பாண்ட் கேட்பது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி அலுவலர் வழக்கில், குறைந்தபட்சப் பணிக்காலமும் அதை மீறினால் 2 லட்ச ரூபாயும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கும் தொழில்தடை ஆகாது என்பது அதன் அடிப்படை. ஆனால் அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. என் ஒப்பந்தத்தில் முதல் மாதம் போனாலும் இருபது லட்சம், ஐம்பத்தொன்பதாவது மாதம் போனாலும் இருபது லட்சம். பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்ற கணக்கு எங்கேயும் இல்லை. மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் தொகையாக எழுதுவதில் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பணம்கூடப் பரவாயில்லை. பதினோராம் பக்கத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஊதியமில்லா விடுப்பு நாட்கள் பாண்ட் காலத்தில் சேராது, ஒழுங்கீனம் என்று நிறுவனம் வேலையை விட்டு நீக்கினாலும் முழுத்தொகையும் கட்ட வேண்டும் என்பது அது. எது ஒழுங்கீனம் என்று அதில் எழுதவில்லை. "இன்று என்னால் பறக்க முடியாது, களைப்பாக இருக்கிறது" என்று சொல்வது ஒழுங்கீனமா? யாரிடமும் கேட்கத் துணியவில்லை. கேட்டாலே பெயர் கெட்டுவிடும் என்று எங்கள் பேட்ச் முழுக்க நம்பினோம்.

2014 கோடையில் அடுத்தடுத்து இரண்டாவது இரவு டியூட்டி. பல்லாவரத்தில் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருந்த வீடு. ரோஸ்டரைப் பார்த்தால் பகல் முழுக்க எனக்கு ஓய்வு, விதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வெயில், மின்வெட்டு, கீழ்த்தளத்தில் வெல்டிங் பட்டறை. மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ராத்திரி பிக்கப் கார் வந்து நின்றபோது போனைக் கையில் எடுத்து, எங்களை டியூட்டிக்கு அனுப்பும் க்ரூ கன்ட்ரோல் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பாவின் இரண்டு காசோலைகளும் நினைவுக்கு வந்தன. போய்க் காரில் ஏறினேன்.

அதிகாலை நான்கரை மணிவாக்கில் சென்னைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். விமானத்தை நான் ஓட்டினேன், கேப்டன் ரேடியோவில் இருந்தார். கன்ட்ரோலர் 110-ஆவது லெவலுக்கு, அதாவது பதினோராயிரம் அடிக்கு, இறங்கச் சொன்னார். கேப்டன் அதை அப்படியே திருப்பிச் சொன்னது என் காதில் விழுந்தது. என் கை உயரத்தைக் குறிக்கும் குமிழை 100-க்குத் திருப்பியது. வாயும் நூறு என்றே சொன்னது. கேப்டன் சட்டென்று கையை நீட்டி 110 ஆக மாற்றினார். ஆயிரம் அடி வித்தியாசம். ஒன்றின் மேல் ஒன்றாகப் போகும் இரண்டு விமானங்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் அதே ஆயிரம் அடிதான். எங்களுக்குப் பின்னால் 170 பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

பயணிகள் இறங்கிப் போனபிறகு கேப்டன் தமிழில் பேசினார். விமானப்படையிலிருந்து வந்தவர், திருநெல்வேலிப் பக்கம்.

"தம்பி, பகல்ல தூங்கினியா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் வந்தே? போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?"

"பாண்ட் இருக்கு சார். அப்பா ஜாமீன்."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. விமானத்தின் பதிவேடான டெக் லாக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். நான் களைப்பு அறிக்கை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை மனித உடல் மிகவும் தாழ்ந்து இயங்கும் நேரம். மன உறுதி அங்கே உதவாது. 2010 மே 22 காலையில் மங்களூரில் துபாய் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். கேப்டன் பயணத்தில் நெடுநேரம் தூங்கிவிட்டு விழித்ததால் வந்த மந்தநிலையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. இறங்காமல் மேலே போய்விடலாம் என்று பக்கத்தில் இருந்த துணை விமானி, ஃபர்ஸ்ட் ஆபீசர், சொல்லியும் இருக்கிறார். அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2018-இல் என் பாண்ட் முடிந்தது. அந்த வருடமே கேப்டன் ஆனேன், அதற்கு இன்னொரு பாண்ட். இதற்கிடையில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2017-இல் கேப்டன்களுக்கான நோட்டீஸ் காலத்தை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக்கியிருந்தது. ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்கு ஆறு மாதம். திடீரென்று விமானிகள் விலகினால் விமானங்கள் ரத்தாகும், பொதுமக்கள் தவிப்பார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். சரி. ஆனால் 2019 ஏப்ரல் 17 இரவோடு ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே 2 அன்று திவால் மனு போட்ட கோ ஃபர்ஸ்ட் மறுநாளே பறக்கவில்லை. அங்கிருந்த விமானிகளுக்கு யார் ஓராண்டு நோட்டீஸ் கொடுத்தார்கள்? ஜெட்டில் இருந்த என் நண்பன் சம்பளப் பாக்கியோடு வீட்டுக்கு வந்தான். அவன் மகள் பள்ளிக் கட்டணத்துக்கு நாங்கள் நான்கு பேர் பணம் போட்டோம்.

ஓய்வு விதிகள் இப்போது மாறியிருக்கின்றன. 2024 ஜனவரியில் அறிவித்து, ஒத்திப்போட்டு, தில்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவில் ஆறு தரையிறக்கம் வரை அனுமதித்த இடத்தில் இப்போது இரண்டு. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது இரவு விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்குக் கொடுத்தார்கள். விமான நிலையங்களில் தவித்த மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த விலக்கு எங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது என்பதையும் அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

கேப்டன் ஆன நாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எரிபொருள், வானிலை பேசுவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் "எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் "நல்லாத் தூங்கினேன் சார்" என்றுதான் வரும். அந்தக் குரல் எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அதனால் முதலில் என்னுடைய மணிக்கணக்கைச் சொல்லிவிட்டுக் கேட்கப் பழகினேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண், பயிற்சி முடிந்து புதிதாக ரிலீஸ் ஆனவர், சேலத்துக்காரர். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டரை மணி நேரம் சார். பக்கத்து வீட்டுல சாவு" என்றார். நானே க்ரூ கன்ட்ரோலைக் கூப்பிட்டேன். மாற்றாளாக ஸ்டாண்ட்பையில் இருந்தவர் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. பயணிகள் கத்தினார்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் உள்ளதை எழுதினேன்.

அன்று சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "சார், இன்னைக்கு நாள் பாண்ட்ல சேருமா?" ஒப்பந்தத்தின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். என் பதினோராம் பக்கம் அவருக்கு ஒன்பதாம் பக்கமாகியிருந்தது, வரிகள் ஏறக்குறைய அதேதான். ஊதியமில்லா விடுப்பு சேராது என்று இருந்தது. களைப்பு அறிக்கை கொடுத்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறிக்கையின் நகலைத் தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன், அந்த நாளை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன், என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். ஜாமீன் யார் என்று கேட்டேன்.

"அம்மா" என்று பதில் வந்தது.